பாடம் நடத்தியபின் குறைந்த மார்க்

தங்கை: அப்போ... நீ நடத்தி நடத்தி எங்க கிளாஸே மக்காயிடுச்சுங்கிறியா?

அக்கா: சிரிக்காதேடி. தலை சுத்துது. பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் வெச்சேன்ல? ஆராய்ச்சி பண்ண உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு?

தங்கை: ஆமா. வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்குன்னு பசங்ககூட...

அக்கா: கேளு முதல்ல! அதுல எல்லாரும் வெளுத்து வாங்கியிருக்கீங்க. அப்புறம் தொண்டை வத்த நடத்தினேன். மறுபடி டெஸ்ட் வெச்சா... பாதிப் பேர் கோட்டை விட்டிருக்கீங்க!

தங்கை: கூட்டல்ல தப்போ?

அக்கா: எப்படிக் கூட்டினாலும் அதேதான். என் ஆராய்ச்சிப் பட்டமே இதுலதான் தொங்குது.

தங்கை: கைடு மேடம்கிட்ட காட்டிட்டியா?

அக்கா: அதை விடு... ரெண்டாவது டெஸ்ட் கஷ்டமா?

தங்கை: இல்ல...

அக்கா: தூங்கி வழிஞ்சீங்களா?

தங்கை: இல்லக்கா... திட்டமாட்டேன்னா சொல்றேன்.

அக்கா: சொல்லித் தொலை.

தங்கை: முதல் டெஸ்ட்டுக்கு... உன் மேஜையில சரியான விடையெல்லாம் எழுதின தாள் இருந்துச்சா... போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

அக்கா: அடிப்பாவி! எதுக்குடி?

தங்கை: எங்க கிளாஸ் நல்லா எழுதினா உனக்குப் பட்டம் கிடைக்கும்னு...

அக்கா: முதல்ல குறைச்சலா வந்து, அப்புறம் ஏறணும்டி மண்டு! சரி... ரெண்டாவதுக்கு ஏன் அனுப்பலை?

தங்கை: அனுப்புறேன்னு சொன்னேனே. ஒருத்தரும் வேண்டாம்னுட்டாங்க.

அக்கா: ஏன்?

தங்கை: நீதானே நடத்தினே? கிடைச்சதை உள்ளபடி எழுதணும், நமக்குச் சாதகமா இல்லைன்னாலும் கை வைக்கக்கூடாதுன்னு. கடைசி பெஞ்ச் குண்டன் இருக்கானே, அவனே சொன்னான்... 'அதைக் கேட்டப்புறம் காப்பியடிக்கக் கூசுது'ன்னு. அதான்... தெரிஞ்சதை மட்டும் எழுதினோம்.

அக்கா: ஐயோ... கடவுளே!

தங்கை: ஏய்... அழறியா? நல்ல விஷயம்தானேக்கா! நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. மேடம்கிட்ட நானே வந்து சொல்றேன், தப்பு என்னோடதுன்னு.

அக்கா: இனிமே எந்த மூஞ்சியோட போறது... காலையிலேயே மார்க்கைக் கொடுத்துட்டேன்டி. முதல் டெஸ்ட்டை ரெண்டாவதுன்னும், ரெண்டாவதை முதல்னும்... மாத்தி.