இரண்டு டிகிரி

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் நல்ல மீன் வேண்டுமென்றால் ஏழு மணிக்கு முன்பே சந்தைக்குப் போய்விட வேண்டும். அன்றும் போனேன். றேமண்டுக்கு விளைமீன் பிடிக்கும். விருந்துக்குத்தான் கூப்பிட்டிருந்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

ஓய்வு பெறும்வரை உடற்றொழிலியல் படிப்பித்தவன் நான். காதுக்கு எட்டாத மீயொலியைப் பாய்ச்சினால் இதயத் தசை வழக்கத்தைவிடப் பலமாகச் சுருங்கும் என்பதைத் தவளை இதயங்களில் கண்டேன். பன்னிரண்டு வருட வேலை. என்னிடமே படித்த றேமண்ட் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து, அது ஒலியின் வேலையல்ல, ஒலியால் உண்டாகும் சூட்டின் வேலை என்றான். சபை சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. மாணவனின் சந்தேகத்தைத் தீர்ப்பது ஆசிரியரின் கடமை.

கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை முடித்துப் பதினொரு மணிபோல வந்தான். பின்னறையில் மீயொலிக் கருவியைப் போட்டுக் காட்டினேன். உப்புக்கரைசலில் கிடந்த தவளை இதயம் அழகாகச் சுருங்கியது. அவன் கரைசலில் வெப்பமானியை விட்டுப் பார்த்தான்.

"ரெண்டு டிகிரி கூடியிருக்கு, சேர். சூடுதான்." பிறகு என் தோளில் கை வைத்தான். "இனி இதை விட்டிடுங்கோ. பேரப்பிள்ளையளோட சந்தோசமா இருங்கோவன்."

"ஓம், விடத்தான் வேணும்," என்றேன்.

தவளையின் உடம்பு சுற்றியிருக்கும் சூட்டுக்கேற்ப மாறும். மனித உடம்போ தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். ஆகவே சந்தேகம் தீர மனித இதயமே பொருத்தம். யோசித்திருந்தால் அவனே ஒப்புக்கொண்டிருப்பான். கருவி மாட்டும் இரும்புத் தாங்கியால் அவன் பின்தலையில் ஒரு தடவை அடித்தேன். மேசையில் கிடத்திக் கட்டினேன். எலும்பு வெட்டும் கத்தரியால் இடது விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். மூன்றாவதில் கண் விழித்து, "சேர்," என்றான். வாயில் துணியை அடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். பிறகு கருவியை இதயத்தின்மேலேயே பிடித்தேன். நான்கு நிமிடம் சுருங்கியது. பலமாகவே சுருங்கியது. அளவுகளைக் குறித்துவைத்த கொப்பி உங்களிடம் இருக்கிறது.

நீங்கள் கேட்பது நியாயம்தான். இதயம் நின்ற பிறகு முகத்தில் பதினேழு அடி எதற்கு? பிரேதப் பரிசோதனை செய்த வைத்தியர் எண்ணியிருக்கிறார், நான் எண்ணவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. வாயிலிருந்த துணியை எடுத்தேன். அவன் சிரிப்பதுபோல் இருந்தது. அவ்வளவுதான்.