அவசரத்துக்கு ஒரு சாவி

மாற்றுச் சாவி கைக்கு வந்ததும் அன்றைக்கே கதவில் போட்டுத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும், ஐயா. பலர் அதைச் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

என் தம்பி சின்ன வயதிலிருந்தே மறதிக்காரன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான்தான். கார் வாங்கிய நாளிலிருந்து சாவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது அவனுக்கு வாடிக்கை. அதனால் மாற்றுச் சாவி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். போன் அடிக்கும். "அக்கா, மறுபடியும்" என்பான். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒருமுறை காய்ச்சலோடு போனேன். என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு அவன் அசடு வழிய நின்றதைப் பார்த்ததும் காய்ச்சலே மறந்துபோனது.

கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு வேறு கார் வாங்கினான். அதற்கும் ஒரு சாவி கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

அப்புறம் அழைப்பே வரவில்லை. தம்பி திருந்திவிட்டான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைத்தெருவில் அவன் காருக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சாவியைப் போட்டேன். திரும்பவில்லை. அதற்குள் அவன் மனைவி வந்து தன் சாவியால் திறந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"அக்கா, அது மெக்கானிக் கடையில கிடந்த சாவி," என்றான் தம்பி. "கையில ஒண்ணு இருந்தா நீ நிம்மதியா இருப்பேன்னு குடுத்தேன். மனசுல வெச்சுக்காத."

வைத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டேன், தூங்கினேன். அவளோடு சேர்ந்து யோசித்துத்தான் அதைக் கொடுத்திருப்பான் என்பது மட்டும் அவ்வப்போது நினைவுக்கு வரும்.

பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் குளிக்கப் போனதும் ஆணியில் தொங்கிய அவள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு என்னுடையதை மாட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியே வந்து கார்க் கதவில் போட்டுப் பார்த்தேன். வெண்ணெய் போலத் திரும்பியது.

விடுமுறை நாளிலும் அவன் அலுவலகத்தில் தலைகாட்டிவிட்டு வருவான். குழந்தையையும் கூட்டிப் போவான். அது தூங்கிவிட்டால் ஏசியை ஓடவிட்டு, கதவைப் பூட்டாமல் உள்ளே போய்விடுவான். எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன்.

அன்றைக்கு அவன் அலுவலகத்துக்கு எதிரே காத்திருந்து, அவன் உள்ளே போனதும் கார்க் கதவைத் திறந்தேன். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து முன்சீட்டில் போட்டேன். சாவி உள்ளே மாட்டிக்கொண்டால்தானே அவன் என்னைத் தேடுவான். என்னிடமிருந்த சாவியால் பூட்டினேன். குழந்தையைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். கவனித்தேன். போர்வை விலகியிருந்தது, சரிசெய்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

எதிரே மருந்துக் கடை நிழலில் நின்றேன். உடனே வந்துவிடுவான் என்று நினைத்தேன். வரவில்லை. மேலதிகாரி பிடித்து உட்காரவைத்துவிட்டாராம். வெயில் காரின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

வந்தவன் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான். கையால் அடித்தான். பிறகு போனை எடுத்தான். நான் என் போனைக் கையில் தயாராக வைத்திருந்தேன். அவன் மனைவியைக் கூப்பிட்டான். வீடு அதிக தூரமில்லை, ஆட்டோ பிடித்து வந்தாள். அவள் சாவி திரும்பவில்லை. அவன் மறுபடி போனை எடுத்தான். இப்போது எனக்குத்தான் என்று இருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

காவலாளி இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்தார். அதற்கு முன்பே குழந்தையின் உயிர் போயிருந்தது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

பூட்டியது நான்தான், ஐயா. மறைக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததே இல்லை. அன்றைக்கும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் உடனே போய்த் திறந்திருப்பேன்.