டான்யூப் பாலத்து வரிசையை வழியனுப்பிய பெனேவா அம்மையாருக்கு

ரூசே நகரின் பெருமையே! டான்யூப் பாலத்தின் காவற்பெருமாட்டியே! முப்பத்தோராண்டு முத்திரை குத்தியும் முகஞ்சுளிக்காமல் இன்று ஓய்வுபெறும் முதல்நிலை அதிகாரி ஸ்லாத்கா பெனேவா அம்மையாரே! பல்கேரிய எல்லைக் காவலர்களாகிய நாங்கள் நெஞ்சு நிமிர்த்தி உம்மை வணங்குகிறோம்!

நேர்மை என்றால் என்னவென்று உம் கணவர் ராய்ச்சோவைக் கேட்க வேண்டும். லாரி ஓட்டி வரும் அவர், "ஸ்லாத்கா, நான் உன் புருஷன்டி!" என்று கெஞ்சுவார். "இங்க நீ நாப்பத்தேழாவது வண்டி. போய் நில்லு" என்பீர்! உங்கள் மகளின் திருமண நாளிலும் அவர் ஆற்றின் அக்கரையில், ருமேனியப் பக்கத்தில், பதினாறு மணி நேரம் வரிசையில்தான் நின்றார். தந்தையில்லாமல் மணமேடை ஏறினாள் மகள். "இந்த வரிசை ஒழியணும். அது ஒழிஞ்சாத்தான் எனக்குக் குடும்பம்" என்று எங்களிடம் சொல்லி அழுதீர்.

வரிசை ஒழிய வேண்டுமானால் தங்களுக்குள் எல்லைச் சோதனையே இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டத்தில் நம் நாடு சேர வேண்டும். ஆண்டாண்டாய்க் கதவடைத்தவர்கள் கடைசியில் ஆய்வுக்குழுவை அனுப்பினார்கள். "ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கிறீர்களா?" என்றார் அக்குழுவில் வந்த ஃபின்லாந்துக்காரர். நீர் பெருமையோடு தலையை இடவலமாக ஆட்டினீர். நமக்கு அது ஆமாம். அவருக்கோ அது இல்லை! பாவி மனிதர் ‘இல்லை’க் கட்டத்தில் குறி போட்டுவிட்டு வண்டியேறினார்.

அடடா, அன்று நீர் ஓடிய ஓட்டம்! புறப்பட்ட வண்டியை மறித்து, "ஐயா, எங்க ஊர்ல இப்படி ஆட்டினா ஆமான்னு அர்த்தம்! அதை மாத்துங்க!" என்று முழங்கினீர். அவர் பணிவாக மேலும் கீழும் தலையசைத்தார். "பாத்தீங்களா, மாட்டேங்கறான்!" என்று நீர் கொதிக்க, மொழிபெயர்ப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, குறி மாறியது. எல்லா நாடுகளும் ஒப்பின. வென்றோம் அம்மையே, வென்றோம்!

புத்தாண்டுக் காலையில் தடுப்புக் கட்டை ஏறியது. நாம் சாலையோரம் நின்றோம். ராய்ச்சோவின் லாரி வந்தது. ஆளில்லாத சாவடியைக் கண்டதும் பழக்கதோஷத்தில் பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, கடவுச்சீட்டை நீட்டினார் மனிதர்! "யோவ், யாருகிட்டய்யா நீட்டற? நிக்காத! வீட்டுக்குப் போ!" என்று ஆற்றின் இரு கரையும் கேட்கக் கத்தினீர். லாரி போனது. நீர் அழுதீர். நாங்களும் வெட்கமில்லாமல் அழுதோம்.

உம் வெற்றியால் இந்தச் சாவடியில் நமக்கு வேலையில்லாமல் போனது. அதற்காக நாளை வேறு எல்லைக்குச் செல்லும் எங்களில் ஒருவருக்கும் வருத்தமில்லை!

நோய்நொடி அண்டாமல், நூறாண்டு தாண்டி, பேரன் பேத்திகளோடு வாழ்வீராக! திங்கட்கிழமை ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்ட் போகும் லாரியில் முன்னிருக்கை உமக்காம், ராய்ச்சோ சொன்னார். லட்சக்கணக்கானோரை அக்கரைக்கு அனுப்பிய நீர், அவரோடு சேர்ந்து ஒருநாளும் இந்தப் பாலத்தைக் கடந்ததில்லை.

போய் வாருங்கள், அம்மா!

என்றும் உம் அன்பில்,
டான்யூப் பாலச் சோதனைச் சாவடிப் பணியாளர்கள்,
ரூசே.