பச்சைத் தெரு

— இதுல பொய் என்ன இருக்கு அண்ணி? கண்ணு முன்னாடி மேப்புல ஒரு தெரு பச்சையா எரியுது பாருங்க. தண்ணி வந்ததும் அந்தத் தெருவுல அத்தனை வீடும் அக்கம்பக்கத்துக்குச் சேதி சொல்ற என் ஆப்ல 'வந்தாச்சு'ன்னு அமுத்தியிருக்கு. ஆப் ஜெயிச்சதுன்னு எழுதி அறிக்கையை அனுப்பிடுங்க.

— தம்பி, உனக்கு நான் அண்ணி. அதுக்காக, மதிப்பீடு பண்ணச் சொல்லி என்கிட்ட கொடுத்திருக்கற உன் ஆப்புக்கும் நான் அண்ணியாயிடுவேனா? மத்த தெருவெல்லாம் யாரும் அமுத்தாம செக்கச்செவேல்னு கிடக்கே, அது யாரு வீட்டுக் கணக்கு?

— அங்கெல்லாம் ஜனங்க சரியில்ல.

— ஆமாமா, ஜனங்களை மாத்திட்டு ஆப்பை வச்சுக்கலாம்.

— கிண்டல் பண்ணாதீங்க. பணம் போடறவங்க சாயந்திரத்துக்குள்ள அறிக்கை கேக்கறாங்க. நீங்க ஏடாகூடமா எழுதினா ஆபீஸை இழுத்து மூடிட்டு என்னை வேற ஊருக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க.

— அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு எழுத முடியுமா? நான் புடிச்ச வழி அப்படி. விமர்சன யதார்த்தவாதம். கண்ணுக்குத் தெரியறதோட நிக்காம, அடியில இருந்து எது நடத்துதுன்னு தேடறது.

— ஐயோ, காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா! அண்ணன் ஏன் மாடிக்கு ஓடினாருன்னு இப்பத்தான் புரியுது.

— நல்ல உதாரணம் எடுத்துக் கொடுத்தே. உங்க அண்ணன் ஓடறது உன் கண்ணுக்குத் தெரியுது. அது மேல்தட்டு. அவர் ஓடினதால காய் நறுக்கற வேலை என் தலையில விழுந்துச்சு. நீ பார்த்தாலும் பாக்காட்டியும் அது நடந்துச்சு. அது நடுத்தட்டு. எது அவரை ஓட வைக்குதோ அது அடித்தட்டு. சோம்பேறித்தனம். கண்ணால பாக்க முடியாது. அதுக்காக இல்லேன்னு சொல்லிடுவியா?

— சத்தியமா சொல்ல மாட்டேன்.

— உன் விஷயமும் அதேதான். ஒரே ஆப், ஒரே மாதிரி போன், ஒரே தண்ணி. ஒரு தெருவுல மட்டும் ஓடுதுன்னா, ஓட வைக்கறது ஆப் இல்ல. அடியில வேற ஏதோ இருக்கு. அது என்னவா இருந்தா இப்படி நடக்கும்?

— அந்தத் தெருக்காரங்க விவரமானவங்க. அவ்வளவுதான்.

— ரொம்ப விவரம்தான். முதல் வீடு அமுத்தினதும் பக்கத்து வீடு, அப்புறம் அதுக்கும் பக்கத்து வீடு. கோடி வீடு முடிஞ்சதும் எதிர்வரிசையில அப்படியே திரும்பி வருது. தினமும் இதே கதை. அமுத்தின நேரத்தைக் கொஞ்சம் உத்துப் பாரேன்.

— அட! இதை நான் பாக்கவே இல்லையே.

— நீ கலரைப் பார்த்தே. யாரோ ஒருத்தர் தெருவுல நடந்து போய், ஒவ்வொரு வீட்டுப் போனையும் வாங்கி அமுத்திட்டு வராங்க.

— யாரு?

— சொல்றேன். அதுக்கு முன்னாடி இன்னொரு ஆராய்ச்சி. உன் முழுக்கைச் சட்டையெல்லாம் எங்கே?

— அது... வெயிலா இருக்குன்னு கையைக் குறைச்சேன்.

— குறைச்சதையே மறுபடி மறுபடி குறைச்சிருக்கியே! இப்போ போட்டிருக்கறது தோள்பட்டைகிட்ட நிக்குது. ஒருத்தன் சட்டைக் கை இப்படித் தேயுதுன்னா அடியில என்ன இருக்கணும்?

— அண்ணி, வேணாம்.

— பச்சைத் தெருக் கோடியில ஒரு தையல் கடை. அதுல ஒரு தையல்காரி.

— மெதுவா பேசுங்க, அண்ணன் காதுல விழப்போகுது!

— விழட்டுமே. ஆப்புக்குப் போட்டோ எடுக்கறேன்னு வாராவாரம் அங்கே போறே. சிவப்புத் தெரு பக்கம் என்னிக்காவது தலைவச்சுப் படுத்திருக்கியா?

— சரி, ஒத்துக்கறேன். எனக்கு அவளைப் புடிச்சிருக்கு. சொல்ல வாய் வரல, சட்டையைத்தான் நீட்ட முடிஞ்சுது. இந்த ஊரை விட்டுப் போனா அதோட எல்லாம் போச்சு. எனக்காகவாவது ஜெயிச்சதுன்னு எழுதுங்களேன்.

— வீடு வீடா அமுத்தறது அவதான், தம்பி.

— என்னது!

— தண்ணி ஆபீஸ்ல வால்வு திறக்கறவரு அவ அப்பா. அவர் சாவியை எடுத்தாலே இவ தெருவுக்கே குரல் கொடுத்துடுவா. உன் ஆப் அங்க யாருக்கும் தேவையே படல. எல்லாரும் தண்ணி புடிச்சு முடிச்சதும் கிளம்பி, அமுத்திட்டு வந்துடுவா.

— ஏன் அப்படி? ஐயையோ... தெரு சிவப்பா இருந்தா, தண்ணி திறந்து விடலேன்னு அப்பா மேல பழி வரும்னு பயந்திருப்பா. நான் வேற அவ கடை வாசல்ல நின்னு பச்சை, பச்சைன்னு குதிச்சிருக்கேன்.

— நானும் அந்தப் பயம்தான் அடித்தட்டுன்னு நெனச்சேன்.

— தோத்துப் போச்சுன்னு எழுதிடுங்க அண்ணி.

— ஆபீஸை மூடிடுவாங்களே?

— மூடட்டும். என் பச்சைக்காக அவ தினமும் பயந்து பயந்து தெருவை அளக்க வேணாம். அவ அப்பா மேல எந்தத் தப்பும் இல்லேன்னு மட்டும் நல்லா அழுத்தி எழுதுங்க. நான் போய்ப் பெட்டியைக் கட்டறேன்.

— கட்டு, கட்டு. ஆனா ஆராய்ச்சின்னா நெனச்சதோட நிறுத்தக் கூடாதே. அதான் நேத்து ஒரு கிழிஞ்ச தலையணை உறையை எடுத்துட்டுப் போய் அவளையே கேட்டேன், 'அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தா அமுத்தறே?'ன்னு.

— என்ன சொன்னா?

— சிரிச்சா. 'எங்க தெருவும் சிவப்பாயிட்டா உங்க கொழுந்தன் எந்தச் சாக்குல அக்கா இந்தப் பக்கம் வருவாரு? அவர் சட்டையிலயும் இனிமே வெட்டறதுக்குக் கை இல்லையே'ன்னு கேட்டா.