ஆரம்பித்த நேரம், முடித்த நேரம்

பழைய எஞ்சினுக்கு எண்ணெய் விடுவதில்தான் நிறைய பேர் சொதப்புகிறார்கள். பொம்மை ரயில் எஞ்சினைச் சொல்கிறேன், மேடம். கரண்டில் ஓடுவது, எழுபது எண்பது வயதானது. ஓடவில்லை என்றதும் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக் கொட்டிவிடுவார்கள். அது வழிந்து மோட்டாருக்குள் போய், கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புச் சேறாகி, மிச்சமிருந்த உயிரையும் வாங்கிவிடும். ஊசி முனையில் ஒரு சொட்டு போதும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். "ஒரு சொட்டுன்னா சர்வீஸு, ரெண்டு சொட்டுன்னா சமையல்" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். வாரா வாரம் அடித்தார்.

சுருக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள். சுருக்கினால் நான் கெட்டவன் மாதிரி தெரியும். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

எனக்கு மோட்டார் வைண்டிங் தொழில். பம்ப், மிக்ஸி, ஃபேன், எது எரிந்தாலும் என்னிடம் வரும். மாமனார் எடை, அளவு சரிபார்க்கும் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சந்தேகப்பட்டார். ஓய்வுக்குப் பிறகு சந்தேகப்பட நான் ஒருவன்தான் மிஞ்சினேன். அவருக்கு நாற்பத்தொரு எஞ்சின்கள், ஒரே மகள். எஞ்சின்களுக்கு மாடியில் தனி அறை. மூன்று பக்கச் சுவரையும் ஒட்டி மேஜை, மேஜை முழுக்கத் தண்டவாளம், மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

மாப்பிள்ளை பார்க்க என் கடைக்கு வந்த அன்று, சம்பாத்தியம் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கைக்குட்டையைப் பிரித்து ஒரு ஆர்மேச்சரை மேஜைமேல் வைத்தார். மோட்டாருக்குள் சுழலும் உருளை அது, செப்புக்கம்பி சுற்றியது. "இதுல ஒரு சுத்து அறுந்திருக்கு. எதுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவர் தேடியது மாப்பிள்ளையை அல்ல, மெக்கானிக்கை என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் பிடித்தது. என் மனைவிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பாவம் என்று விட்டுவிட்டாள். யார் பாவம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, சனிக்கிழமை தோறும் நான் அந்த மாடி அறையில். சுவரில் அவர் கையெழுத்தில் ஒன்பது விதிகள் ஒட்டியிருக்கும். மூன்றாவது விதி: எடுத்த வேலையை முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. நடுவில் எழுந்தால் ஸ்பிரிங் தெறித்து எங்காவது போய்விடுமாம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு அட்டை உண்டு. தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், செய்த வேலை எல்லாம் எழுத வேண்டும். அட்டைக்கு அவர் வைத்த பெயர் கார்டு. ஒன்றுக்குப் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் கார்டில் எழுதுவார். "11.40 முதல் 11.43 வரை கீழே போனார்" என்று நாற்பத்தொரு எஞ்சின்களின் சரித்திரத்திலும் என் மூத்திரப் பை இடம்பிடித்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன். மனைவி கூடப் போயிருந்தாள், சாயங்காலம்தான் வருவார்கள். மாமனார் போகவில்லை. "கண்ணு அவளுது, எனக்கு அங்க என்ன வேலை" என்று சொல்லிவிட்டார். பதினேழாம் எண் எஞ்சினை எடுத்து வைத்தார். பச்சை நிறம், இருக்கிறதிலேயே பழசு. கார்டில் 11.10 என்று எழுதினேன். மேல் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன்.

அவர் பக்கத்து ஸ்டூலில், வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸோடு. "ஸ்க்ரூவ வலது பக்கமா வைங்க மாப்பிள்ளை" என்றார். வலது பக்கம்தான் வைத்திருந்தேன். மறுபடி "வலது" என்றார். அந்த வலது கொஞ்சம் குழைந்திருந்தது. மூன்றாவது தடவை வெறும் "வ" மட்டும் வந்தது. லென்ஸ் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வாயின் வலது ஓரம் தொங்கிவிட்டிருந்தது. ஸ்டூலிலிருந்து மெதுவாகச் சரிந்து தரைக்கு வந்தார். தலை எதிலும் இடிக்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தார். இடது கை மட்டும் மேஜைக் காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான்கு ஸ்க்ரூவும் கழற்றியாயிற்று.

நாற்காலியிலிருந்த குஷனை எடுத்து அவர் தலைக்குக் கீழே வைத்தேன். நான் ஒன்றும் ஈரமில்லாதவன் இல்லை. "ஃபேன் போடவா மாமா" என்று கேட்டேன். "வ" என்றார். சரி என்று எடுத்துக்கொண்டு போட்டேன். பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

மூடியைக் கழற்றினால் மோட்டார் தெரியும். முதலில் கார்பன் பிரஷ் இரண்டையும் எடுக்க வேண்டும், ஸ்பிரிங் பத்திரம். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செப்புத் துண்டுகள் இருக்கும், கரண்ட் அது வழியாகத்தான் ஏறும். அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, இடுக்குகளில் அடைந்த அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுக்க வேண்டும். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், சுரண்ட வேண்டும். எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்வது ஐந்தாவது விதி. அன்றும் சொன்னேன். "பிரஷ் எடுக்கறேன் மாமா." "பல்சக்கரம் துடைக்கறேன் மாமா." அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக நொட்டைச்சொல் இல்லாமல் ஒரு எஞ்சினைப் பார்த்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஒன்றரை மணிக்கு மனைவி போன் செய்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றாள்.

"அப்பா சாப்பிட்டாரா?"

"இன்னும் இல்ல. இங்கதான் என் பக்கத்துல இருக்காரு. எஞ்சின் வேலை ஓடுது."

"கொஞ்சம் குடுங்க, அம்மா விஷயம் சொல்றேன்."

"அவரு பேசற நிலைமைல இல்ல."

சிரித்தாள். எஞ்சின் திறந்திருக்கும்போது அவர் யாரிடமும் போனில் பேச மாட்டார் என்பது வீட்டுக்கே தெரியும். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை பொய் கிடையாது, வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவள் சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும். மேஜைக் காலைத் தட்டுவது அதற்குப் பிறகு நின்றுவிட்டது.

நாலு மணிக்குக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன். தண்டவாளத்தில் வைத்து மூன்று சுற்று விட்டேன். 4.05 என்று கார்டில் எழுதிப் பெட்டியில் போட்டேன். 4.10க்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். கீழே தூங்கிப்போய்விட்டதாகவும், நாலு மணிக்கு மேலே வந்து பார்த்ததாகவும் ஆஸ்பத்திரியில் சொன்னேன். அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று டாக்டர் கேட்டார். பதினோரு மணிக்கு என்றேன். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, நாலரை மணி நேரம் தாண்டினால் போட முடியாது என்றார். "ஐயோ" என்றேன். சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொன்னேன்.

அந்த நாலரை மணி நேர விஷயம் எனக்கு முன்பே தெரியுமா என்றுதானே அடுத்து கேட்கப் போகிறீர்கள். தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, இதே மாடி அறை. என் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அப்பா டம்ளரைக் கீழே போட்டுவிட்டார், பேச்சு குழறுகிறது, சீக்கிரம் வாங்க என்றார். அப்பா தனியாக இருந்தார். நான் எழுந்தேன். மாமனார் லென்ஸை எடுக்காமலே, "வயசானவங்களுக்குத் தல சுத்தறது சகஜம். இருபது நிமிஷ வேலை, முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் இரண்டு மணி நேரமானது, ஏனென்றால் பிரஷ்ஷையும் மாற்றிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் தாண்டிவிட்டது. அந்த ஊசியைப் பற்றி டாக்டர் அப்போதுதான் சொன்னார். அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்த மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த எஞ்சின் இப்ப நல்லா ஓடுது மாப்பிள்ளை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

தயவுசெய்து இதையும் அதையும் முடிச்சுப் போடாதீர்கள். பழிவாங்குகிற ஜாதி இல்லை நான். விதி என்று ஒன்றை எழுதி ஒட்டினால், ஒட்டியவருக்கும் அது பொருந்த வேண்டும். அந்த ஒரு நியாயம்தான் எனக்கு.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு இல்லை, வலது கை கால் வராது. பார்த்துக்கொள்வது நான்தான். குளிப்பாட்டுவேன், சவரம் செய்வேன், புண் வராமல் புரட்டிப் போடுவேன். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று சொந்தக்காரர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். சாயங்காலம் பதினேழாம் எண்ணைத் தட்டில் வைத்து எடுத்து வந்து, அவர் கண்ணெதிரே எண்ணெய் விடுவேன். மூன்று சொட்டு. சில நாள் நாலு. கண்ணை மூடிக்கொள்வார். திறக்கிறவரை காத்திருப்பேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தாள். இரண்டாவது மாதம் அவர் வாயிலிருந்து முதல் சத்தம் வந்தது. "கா." மனைவி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். என்னைப் பார்த்தபடிதான் சொன்னார். என்ன சொல்ல வருகிறார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். "காப்பி கேக்கறாரு" என்றேன். அந்த மனிதர் ஆயுளில் காப்பி குடித்ததில்லை, வாடையே ஆகாது. மூளை அடி வாங்கினால் ருசி மாறுமாம் என்று நானே விளக்கமும் கொடுத்தேன். ஏழு வாரம் காலையிலும் மாலையிலும் காப்பி குடித்தார். டம்ளரைப் பிடித்துக்கொண்டு புகட்டியது நான்.

பிறகு "கார்" வந்தது. மனைவி உடனே ஒரு வண்டி பிடித்து அவரை ஊரெல்லாம் சுற்றிக் காட்டினாள். காருக்குள் உட்கார்ந்துகொண்டு கார், கார் என்று கத்திக் கண்ணீர் விட்டார். "பாரு, எவ்ளோ சந்தோஷம் அவருக்கு" என்றார் மாமியார், புதுக் கண்ணாடி வழியாகப் பார்த்து.

மிச்சம் இருந்தது ஒரு "டு". போன வியாழக்கிழமை அதுவும் வந்துவிட்டது. அந்தப் பயிற்சிக்காரப் பெண் கெட்டிக்காரி.

மனைவி மாடிக்குப் போய்க் கார்டுப் பெட்டியை எடுத்து வந்தாள். அன்றைய தேதிக்கு ஒரே ஒரு கார்டுதான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அன்னைக்கு நான் போன் பண்ணப்ப அப்பா எங்க இருந்தாரு?"

"தரைல."

"நீங்க?"

"நாற்காலில."

கத்தவில்லை. கார்டை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன்.

கார்டை ஏன் எழுதினாய், சும்மா விட்டிருந்தால் மாட்டியிருக்க மாட்டாயே என்று உங்கள் ஏட்டு கேட்டார். கார்டு எழுதாவிட்டால் வேலை முடிந்ததாக ஆகாது. அப்படியே பழகிவிட்டது.

நீங்கள் இப்போது கேட்கிற கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைப்பிடி அளவு எஞ்சினுக்கு ஐந்து மணி நேரமா என்கிறீர்கள். தேவையில்லை, மேடம். முக்கால் மணி நேரம் போதும். பன்னிரண்டு அடிப்பதற்குள் அது தண்டவாளத்தில் ஓடிவிட்டது. நிறுத்தி, மறுபடி நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். மொத்தம் ஆறு தடவை கழற்றி ஆறு தடவை மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் ஓடியது.