போனவர் ஓட்டு

எங்கள் சங்கத் தேர்தலில் ஓட்டாகப் போடும் ரப்பர் கொட்டை பால் டின்னுக்குள் விழும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் அதைவிட நல்ல சங்கீதம் கிடையாது. கபிரியேல் கிராணியாரே, நீங்கள் மாதா கோயில் ஆள், எங்கள் சங்கத்தின் இரண்டு கட்சியிலும் இல்லாதவர். உங்களை விசாரணைக்கு உட்கார வைத்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி. இந்தச் சபாபதி ரயில் கார்டாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். நான் கொடி காட்டிய வண்டி எதுவும் தப்பான ஊருக்குப் போனதில்லை.

விஷயம் இவ்வளவுதான். ரயில் பட்டறைக்குப் பின்னால் ஏழு லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஒவ்வொரு லயத்துக்கும் சங்கத்தில் ஒரு பிரதிநிதி. ஆறு லயங்கள் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கும். ஆக, ஏழாம் லயத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவர்தான் தலைவர். அந்த ஏழாம் லயம் இருக்கிறதே, அது என்றைக்கும் ஒரே ஒரு கொட்டையில்தான் சாயும். ஒரு வருஷம் அந்தக் கடைசிக் கொட்டையை வள்ளியம்மாவின் ஆடு விழுங்கிவிட்டது. ஆட்டைச் சுற்றி ஆயிரம் பேர் உட்கார்ந்து, அது மனது வைக்கும்வரை காத்திருந்தோம். கோலாலம்பூர் மெயில் வண்டியே அன்று தாமதமாம்.

ஆடு என்னை எதிர்த்து நின்ற கன்னையாவை ஜெயிக்க வைத்தது. அடுத்த தேர்தலில் ஆடு இல்லாமலேயே அவன் ஜெயித்தான், அதே ஒரு கொட்டையில். அந்தக் கொட்டை யாருடையது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அய்யாவுடையது. கன்னையா தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

ரப்பர் விலை படுத்த வருஷம் அய்யாவு வேலை தேடிச் சுவெட்டன்ஹாம் துறைமுகம் போனான். மாதக்கணக்கில் தகவல் இல்லை. அவன் மனைவி பவுனம்மாள் என்னிடம் வந்து அழுதாள். “உங்களுக்குத்தான் ரயில் பாஸ் இருக்கேண்ணே, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.” போனேன். அங்கே தொங்கான் என்கிற சரக்குப் படகோட்டும் மலாய்க்காரர் ஒருவர் அவனை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். “அய்யாவு சுடா பெர்கி,” என்றார், சிரித்துக்கொண்டே. போய்விட்டான் என்று அர்த்தம். சிங்கப்பூர் கப்பலில் கூலியாக ஏறிவிட்டானாம்.

திரும்பி வந்து அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“அய்யாவு போயிட்டாரும்மா.”

லயமே கூடிவிட்டது. பவுனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “எப்படிண்ணே போனாரு?”

“கப்பல்ல.”

“கஷ்டப்பட்டாராண்ணே?”

“சிரிச்சுக்கிட்டேதான் போனாராம்.”

கன்னையா தலையில் கை வைத்துக்கொண்டு, “உடம்பு?” என்றான்.

“அதுவும் அவரோடயே போயிருச்சு.”

இதில் ஒரு வார்த்தை பொய்யா சொல்லுங்கள். அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால், அழுகிற இடத்தில் போய் இலக்கணம் பேச முடியுமா? கருமாதியை நானே முன்னின்று நடத்தினேன். கிள்ளானிலிருந்து மேளம் வந்தது. அய்யாவு உயிரோடு இருந்து பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பான். பவுனம்மாள் வளையலை உடைத்தபோது நான்தான் துண்டுகளைப் பொறுக்கினேன், யார் காலிலும் குத்திவிடக் கூடாதே.

எங்கள் சங்கத்தில் போனவர் ஓட்டு என்று ஒரு விதி உண்டு. ஆள் போய்விட்டால் ஓட்டு பெண்சாதிக்கு. கருமாதியை இவ்வளவு சிறப்பாக நடத்திய அண்ணனுக்குத்தானே அவள் போடுவாள்? கன்னையாவுக்கு ஒன்று குறைவு, எனக்கு ஒன்று கூடுதல்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும். ஸ்டேஷனில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன், தெற்கு வண்டியிலிருந்து அய்யாவு இறங்குகிறான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் ஒரு சிவப்புச் சேலைப் பொட்டலம்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா? வீட்ல பவுனு எப்படி இருக்கா?”

பவுனம்மாள் அன்று காஜாங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், பிரசவத்துக்கு உதவியாக. போய் வா என்று அனுப்பி வைத்ததே நான்தான்.

“பவுனு போயிட்டா, அய்யாவு.”

அவன் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எங்கே போனாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காஜாங் என்று சொல்லியிருப்பேன், சத்தியமாக. அவன் கேட்கவில்லை. “வீடு பூட்டிக் கிடக்குப்பா, பாத்தா தாங்க மாட்டே,” என்றேன். பூட்டித்தான் கிடந்தது. சேலையை என் மடியில் வைத்துவிட்டு, அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போனான். கொடி இல்லாததால் துண்டை வீசி வழியனுப்பினேன். சேலை என் மருமகளுக்கு நன்றாகப் பொருந்தியது.

அந்தத் தேர்தலிலும் அடுத்ததிலும் நான்தான் தலைவர், ஒரே ஒரு கொட்டையில். சுடுகாட்டுப் பாதைக்கு விளக்குப் போட்டது யார்? நான்.

போன வாரம் கன்னையா சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அய்யாவுவைப் பார்த்து மயங்கி விழுந்து, எழுந்து, ஆளைக் கையோடு கூட்டி வந்துவிட்டான். அதோ வாசலில் உட்கார்ந்திருக்கிறான் அய்யாவு. எதிரே வெள்ளைச் சேலையில் பவுனம்மாள். காலையிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், தொடக்கூடப் பயம். நாலு வருஷமாக இவள் அவனுக்கு அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டிருக்கிறாள். அவன் அங்கே இவளுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறான். இரண்டு பேரும் உயிரோடிருப்பது தெரிந்த ஒரே ஆள் நான். மறுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நாளைக்குத் தேர்தல், கிராணியாரே. கருமாதி ஆனவனை உயிரோடு இருப்பதாக நீங்கள் எழுதிவிட்டால் ஏழாம் லயம் கையைவிட்டுப் போய்விடும். ஆகையால் அவன் போனவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பவுனம்மாளுக்கும் வெள்ளை பழகிவிட்டது.

இந்தப் பெண்ணின் குணத்தைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. சற்றுமுன் நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று, என் முகத்தையே பார்த்து மெதுவாகக் கேட்டாள். “நீங்க எப்பண்ணே போவீங்க?”

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதே என்ற அக்கறை. அவள் கொட்டை இந்தத் தடவையும் எனக்குத்தான்.