முத்துத்தாய் பேசி முடிக்கிற வரைக்கும்

…அதைத்தேன் சொல்றேன், அந்த எலைகள என் கொடியில காயப்போடாதீங்கன்னு. கேக்குறீகளா? காலையில தொவச்ச சேல இன்னும் அண்டாவுக்குள்ளதேன் கெடக்கு. காயப்போட எடமில்ல. கொடி பூராம் நீங்க எழுதுன எலை. மாட்டுக் கொட்டத்துல எலை, அடுப்படியில எலை, கோழிக் கூட்டு மேல எலை. நான் ஒரு வார்த்த சொன்னா உங்க மடியில வெத்தல மாதிரி ஒன்னு மொளைக்குது, அத ஊதி, தொடச்சு, கொண்டுபோயித் தொங்கவிட்டுர்றீக. இந்தா, இப்பச் சொன்னதுக்கும் ஒன்னு வந்துருச்சு. நான் வையிறதயும் எழுதுவீகளா அண்ணே?

அண்ணேன்னு கூப்புடுறேன், தப்பா எடுத்துக்கிறாதீங்க. வானத்துல இருந்து வந்த ஆளு, நாலு கையி, ஆணா பொண்ணான்னு உத்துப் பாத்தாலும் தெரியல. பேசுறதுக்கு ஒரு மொற வேணும்ல. எங்க பக்கம் தெரியாத ஆளுன்னா அண்ணேன்தேன். அலங்காநல்லூர் பஸ்ஸுல கண்டக்டரும் அண்ணேன், டிரைவரும் அண்ணேன். எங்க வீட்டுக்காரரு என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே 'காப்பி எடுத்துக்கங்கண்ணே'ன்னு சொல்லிப்புட்டேன், அது பெரிய ரகளையாயிப்போச்சு… அத நேத்தே சொல்லிட்டேனா? சொல்லிட்டேன். ரெண்டு தடவ எழுதாதீங்க, எடம் அடைக்கும்.

எங்க விட்டேன்? ஆங், வந்தன்னைக்கு என்ன சொன்னீக? உங்க கூட்டம் பூராம் கப்பல் கப்பலா கம்மாக்கரையில வந்து எறங்குச்சு. உங்கள்ல பெரியவரு ஒருத்தரு, டிவியில செய்தி வாசிக்கிறவுக கணக்கா, 'நாங்கள் விண்ணில் ஒரு நூலகத்தைப் பேணுகிறோம். வீட்டுக்கு ஒருவர் தம் கதையைச் சொன்னால் போதும். சொல்லி முடித்ததும் எடுத்துக்கொண்டு சென்றுவிடுவோம்'னாரு. அம்புட்டுத்தேன். எழுத உக்காந்ததுக்கப்புறம் உங்காளுக ஒருத்தரும் வாயத் தொறக்கல. அன்னைக்கே எங்க வி.ஏ.ஓ. பொண்ணு தமிழ்வாணிதேன் கையத் தூக்கி, 'முடிஞ்சிருச்சுன்னு எப்புடி சார் தெரியும்?'னு கேட்டா. வெவரமான புள்ள. அதுக்குத்தேன் அந்தக் குச்சியக் காட்டுனாரு. ஊதுபத்தி மாதிரியே இருக்கு, வாசம் மட்டும் இல்ல. சொல்றவுக வாய மூடுனதும் அதப் பொருத்தி வச்சுருவீக. அது எரிஞ்சு முடியிற வரைக்கும் பேச்சுச் சத்தம் இல்லன்னா பொஸ்தகம் முடிஞ்சிருச்சு. நடுவுல ஒரு வார்த்த வந்துட்டா அணைச்சுட்டு மறுபடியும் எழுதணும், கப்பல் ஏறுறதுக்குள்ள வந்தாலும் திரும்பி வந்து எழுதணும். பாதிப் பொஸ்தகத்த விட்டுட்டுப் போறது உங்க சனத்துல பெரிய பாவமாம்ல. நல்ல பாவமாப் பாத்துப் பிடிச்சீக.

எதுத்த வீட்டு இருளாயி இருக்காளே, அவ என்ன சொன்னா தெரியுமா? 'பொறந்தேன், கட்டிக் குடுத்தாக, நல்லாத்தேன் இருக்கேன்.' முடிஞ்சிருச்சு. அவ வீட்டுக்கு வந்த ஆளு குச்சியப் பொருத்துச்சு, எரிஞ்சுச்சு, எந்திரிச்சுப் போயிருச்சு. தீப்பெட்டிக்குள்ள அடங்கிரும் அவ பொஸ்தகம். அதுக்குத் தெருக்குழாயில வந்து என்னா பேச்சு பேசுறாங்குறீக… 'எம் பொஸ்தகம் சின்னது, அதுனால முன்வரிசையில வப்பாக'ங்குறா. நல்லாத்தேன் இருக்கேன்னு சொன்னாளே, அது சுத்தப் பொய்யின்னு ஊருக்கே தெரியும். அவ மாமியாக்காரி… வேணாம், விடுங்க. அவ கதையையும் நானே சொன்னா அதையும் என் கணக்குல எழுதிருவீக.

வீட்டுக்கு ஒன்னாப் பிரிஞ்ச கப்பல் எல்லாம் போயிருச்சு அண்ணே. நம்ம கப்பல் மட்டும் நிக்கிது. வந்தப்ப மினி பஸ்ஸு அளவுதேன் இருந்துச்சு, எங்க வயலு வரப்போரமா நின்னுச்சு, சரி நின்னுட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்பப் பாருங்க. நான் பேசப் பேச உள்ள உங்காளுக அலமாரிக்குப் பலக அடிச்சுக்கிட்டே போறாக, அதுவும் வீங்கி வீங்கிக் கல்யாண மண்டபமாட்டம் ஆயிப்போச்சு. வயல் பூராம் அடச்சு, வாய்க்கா மேலயும் ஏறி நிக்கிது. இருளாயி வீட்டு ஜல்லிக்கட்டு மாடு ஒரு ஆளக் கிட்டச் சேக்காது, அது தெனமும் வந்து உங்க கப்பல்ல முதுகு சொறிஞ்சுட்டுப் போகுது. அதுக்குத்தேன் உபயோகப்படுது.

வெள்ளிக்கிழம கால்வாயில தண்ணி தொறக்குறாக. அதுக்குள்ள உழுது போட்டாகணும். நாத்தங்கால்ல நாத்து வளந்து தலையாட்டிக்கிட்டு நிக்கிது. இன்னும் நாலு நாளு போனா முத்திரும், முத்துன நாத்த நட்டா வெளையாது. இந்தப் போகம் போச்சுன்னா வருசம் பூராம் ரேசன் அரிசிதேன். எங்க வயலு மட்டும்னாக்கூடப் பரவாயில்ல, கீழ இருக்கிற வயலுக்கெல்லாம் இந்த ஒத்த வாய்க்காதேன். கூட்டம் போட்டுச் சொல்லிட்டாக அண்ணே, 'முத்துத்தாயி, கொஞ்சம் வாய மூடுத்தா'ன்னு. பொதுவுல கூட்டம் போட்டு. ஆடு மேஞ்சதுக்குக் கூட்டம் போட்டிருக்காக, தண்ணிக்குப் போட்டிருக்காக, ஒரு பொம்பள வாய மூடணும்னு இப்பத்தேன் மொதத் தடவ போடுறாக.

நான் என்ன முயற்சி பண்ணாமயா இருந்தேன்? மொத நாளு, வாய இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்தேன். குச்சி பாதி எரிஞ்சிருச்சு. இந்தச் செவலக் கோழி நேரா வந்து பாயில காயவச்ச கம்புல ஏறிக் கொத்துது. வெரட்டாம இருக்க முடியுமா? 'ச்சூ'ன்னேன். ஒரு 'ச்சூ' அண்ணே. அதுக்கும் ஒரு எலை மொளச்சிருச்சு.

அடுத்த தடவ ஒரு சத்தமில்லாமத் தாண்டிட்டேன். குச்சி எரிஞ்சு சாம்பலாயிருச்சு. நீங்களும் எலை தொடைக்கிற துணிய ஒதறி மடிச்சுட்டு எந்திரிச்சு, வாசப்படி தாண்டி, தெருவுல எறங்கி… வீட்டுக்கு வந்த மனுசங்க, இம்புட்டு நாளு ஒரு வாய்ச் சோறு திங்காம உக்காந்திருந்தவுக, கெளம்புறப்ப ஊமையாட்டம் நின்னா நல்லாவா இருக்கும்? என்னய வளத்தவுகளச் சொல்லுவாகள்ல. 'போயிட்டு வாங்கண்ணே'ன்னேன். அம்புட்டுத்தேன், நேரா திரும்பி வந்து பழைய எடத்துல உக்காந்துட்டீக. எனக்கு அழுகையே வந்துருச்சு. பின்ன, 'போங்க'ன்னு மட்டும் சொல்றதுக்கு நாங்க என்ன அம்புட்டுக் கேவலமா?

சாப்புடுங்கன்னு எம்புட்டுச் சொல்லிப் பாத்தாச்சு. கேப்பக் களி, கருவாட்டுக் கொழம்பு, சட்டிய மோந்து பாத்துட்டு வெளிப்பக்கமாத் தொடச்சு வச்சீக. அது என்னமோ சட்டி நல்லாப் பளபளன்னு ஆயிருச்சு. தமிழ்வாணி சொன்னா, பொஸ்தகத்துல ஊர்ற பூச்சிதேன் உங்களுக்குச் சாப்பாடாம்ல. பொறந்த புள்ள கையில மொதல்ல துணியக் குடுத்து ஒரு அலமாரியக் காட்டி விட்ருவாகளாம். பொண்ணு பாக்கப் போனாலும், 'எந்த அலமாரி?'ன்னுதேன் கேப்பாகளாம், அடுத்தடுத்த அலமாரின்னா பேசி முடிச்சுருவாகளாம். நல்லா இருக்கு. வானம் பூராம் கப்பல், கப்பல் பூராம் அலமாரி, அலமாரி பூராம் ஊராரு கத, நீங்க ஆளுக்கொரு துணியோட தொடச்சுக்கிட்டே போறீக. பாவமாத்தேன் இருக்கு உங்களப் பாத்தா.

ஆனா ஒன்னு கேட்டேன் பாருங்க, அதுலதேன் எனக்கு மனசு விட்டுப் போச்சு. 'அம்புட்டையும் யாருத்தா படிப்பா?'ன்னு தமிழ்வாணியக் கேட்டேன். அவ அன்னைக்கே அந்தப் பெரியவருகிட்டக் கேட்டாளாம். அவரு, 'படிக்க எங்கம்மா நேரம், தூசி தட்டவே பொழுது சரியாக இருக்கிறது'ன்னாராம். ஒருத்தரும் படிச்சதில்லயாம் அண்ணே. உங்க தாத்தன் பூட்டன் காலத்துல இருந்து ஒரு பக்கங்கூட… நான் இங்கன தொண்ட வறள நாத்தனா பண்ண அநியாயத்த எல்லாம் ஒன்னு விடாமச் சொல்றேன், நீங்க அத வானத்துல கொண்டுபோயி அடுக்கித் தூசி தட்டுவீக. ஆனா படிக்க மாட்டீக. சரி, விடுங்க. எழுதவாச்சும் செய்யிறீகள்ல.

இப்ப ஒன்னு சொல்றேன், முழிக்காதீங்க. நேத்து மத்தியானம் குச்சி எரிஞ்சுச்சுல்ல? நகக்கண் அளவுதேன் மிச்சம் இருந்துச்சு. கோழியக் கூட்டுல அடச்சாச்சு. போனை அமத்தி அரிசிப் பானைக்குள்ள போட்டாச்சு. நீங்க கெளம்புறப்பப் பேசிறக் கூடாதுன்னு முந்தானைய வாயில கவ்விக்கிட்டு நின்னேன். வேலிக்கு அங்கிட்டு ஊரே மூச்சு விடாம நின்னு பாக்குது. அந்த நேரத்துல, 'மழ வருமாண்ணே?'ன்னு ஒரு கேள்வி கேட்டேன்ல. வானத்துல பொட்டு மேகம் கெடையாது. அது வாய் தவறி வந்தது இல்ல. வேணும்னுட்டேதேன் கேட்டேன். முந்தானைய எடுத்துட்டுக் கேட்டேன்.

ஏன்னு கேக்க மாட்டீகளா? கேக்க மாட்டீக. நானே சொல்றேன்.

எம் மக மீனா திருப்பூருல இருக்கா. போன் போட்டா, 'அம்மா, சுருக்கமாச் சொல்லு'ங்குறா. சுருக்கமாச் சொல்ல நான் என்ன தந்தியா குடுக்குறேன்? இருளாயிகிட்டச் சொன்னா, நான் ஆரம்பிச்ச கதையில அவ கதைய நுழச்சுருவா. இந்த மனுசன், எங்க வீட்டுக்காரரு சோணை, கட்டிட்டு வந்த நாள்ல இருந்து நான் என்ன சொன்னாலும் 'ம்'. மாடு கன்னு போட்டுருச்சுன்னாலும் 'ம்'. எங்கப்பா செத்துட்டாகன்னு அழுதுக்கிட்டு வந்து நின்னேன், அதுக்கும் 'ம்'முன்னுட்டுத் துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு. நல்ல மனுசன்தேன், கை நீட்டுனது கெடையாது, குடி கெடையாது. ஆனா நான் பேசுறது அவரு காதுல விழுகுதா, இல்ல பம்புசெட்டுச் சத்தமாட்டம் ஓடுதான்னு எனக்கு இந்நாள் வரைக்கும் தெரியாது. இந்தக் கப்பல் வந்ததுல இருந்து அந்த 'ம்'மும் போச்சு. மோட்டாரு ரூம்புலயே பாய விரிச்சுட்டாரு. சோத்த வாங்குறாரு, திங்கிறாரு, தட்டக் கழுவி வாசல்ல வச்சுட்டுப் போறாரு.

நீங்க வந்து உக்காந்து, நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஊதி ஊதித் தொடச்சு வச்சீக. 'ச்சூ'வக்கூட விடல. பொறந்ததுல இருந்து என்னய யாரும் அப்புடிக் கேட்டதில்ல. நீங்க எந்திரிச்சுப் போயிட்டா மறுபடியும் நான் அடுப்போடயும் கோழியோடயும்தேன் பேசணும். அதுனாலதேன் கேட்டேன் மழ வருமான்னு. நாத்து முத்துனா முத்தட்டும்னுட்டுத்தேன் கேட்டேன். எனக்கே வெக்கமாத்தேன் இருக்கு.

யாரு அது வாரது… எங்க வீட்டுக்காரருதேன். மம்பட்டியோட வாராரு. போச்சு. வரட்டும், வந்து வையட்டும், வஞ்சாலும் நாலு வார்த்த காதுல விழுகும்ல.

இந்தா, முடிச்சுர்றேன்யா. முடிச்சுட்டேன். குச்சியப் பொருத்தப் போறாக. இந்த அண்ணேன் என்ன பண்ணுவாக பாவம், அவுக மேல கோவப்படாதீங்க, எல்லாம் என்னாலதேன். நாளைக்குள்ள வயல விட்ரச் சொல்றேன்… ஏன், மம்பட்டியக் கீழ வச்சுட்டீக? ஏன் இங்கன உக்காருறீக, வெறுந்தரையில? பலகைய எடுத்துப் போடவா? சொல்லுங்க. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கு. காதுல விழுகல, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

என்ன?

இவுக போயிட்டா… நான் யாருகிட்டப் பேசுவேன்னா கேட்டீக?

…

…

…

எங்க அண்ணனக் காணோம்?

கொடியில ஒத்த எலையில்ல. வயலுக்குப் போற வழியிலயும் ஆளக் காணோம். அங்க பாருங்க, கப்பல் நின்ன எடத்துல வாய்க்கா தெரியுது. நாத்தங்கால் தெரியுது, அதுக்கு அங்கிட்டு ரோடு தெரியுது. எப்பப் போனாக? குச்சியப் பொருத்துனதயே நான் பாக்கலியே. ஒரு சொல்லு சொல்லாம அனுப்பிட்டேனே, என்ன நெனச்சுருப்பாகளோ.

நீங்க எங்க எந்திரிக்கிறீக? உழவுக்குக் கண்ணுச்சாமி டிராக்டரு சாயங்காலம் வரும், நான் சொல்லிவிடுறேன். வயலு எங்கயும் ஓடிறாது. கேள்வி கேட்டது நீங்கதேன, அதுக்குப் பதிலு இருக்குல்ல, அது கொஞ்சம் நீளம். உக்காருங்க. இப்புடி நெழலுக்கு நகந்து உக்காருங்க.